சரவிளக்குக்குக் கீழே இருந்தவர்கள்

கேள்வி: அட்லாண்டிக்கில் ஓடிய பழைய கப்பல் கம்பெனிகள் பணக்காரர்களின் ஆடம்பரத்தில் பிழைத்தவைதானே? அவற்றின் வரலாற்றை நாம் ஏன் படிக்க வேண்டும்?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: தவறு. சரவிளக்கைப் பார்த்த கண்ணால் கீழ்த்தளத்தையும் பாருங்கள். அந்தக் கம்பெனிகளுக்குப் படியளந்தவர்கள் அமெரிக்காவில் குடியேற ஊரைவிட்டுக் கிளம்பிய ஏழைகள்.

1847-இல் ஜெர்மனியின் துறைமுக நகரமான ஹாம்பர்க்கில் தொடங்கிய ஹாபாக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். அதை உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனமாக வளர்த்த ஆல்பர்ட் பாலின், குடியேறிகளுக்கு டிக்கெட் விற்ற ஒரு சிறிய ஏஜென்சிக்காரரின் மகன். அந்நாளில் சரக்குக் கப்பலின் இடைத்தளத்தில் பலகைக் கட்டில்களை வரிசையாக அடித்து ஆட்களை ஏற்றுவார்கள். நியூயார்க்கில் அவர்கள் இறங்கியதும் பலகைகளைப் பிரித்துவிட்டு, அதே இடத்தில் திரும்பும் பயணத்துக்கான சரக்கை அடைப்பார்கள். போகும்போது மனிதர், வரும்போது மூட்டை. இந்தக் கணக்கைப் பாலின் துல்லியமாகப் புரிந்துகொண்டார். போட்டிக் கம்பெனியின் பக்கம் நின்று கட்டணத்தைக் குறைத்து ஹாபாக்கைத் திணறடித்தார். 1886-இல் ஹாபாக் அவரையே அழைத்துப் பயணிகள் பிரிவை ஒப்படைத்தது.

1892-இல் ஹாம்பர்க்கில் காலரா பரவி ஏறத்தாழ 8,600 பேர் இறந்தார்கள். பழி, அமெரிக்காவுக்குக் கப்பலேற ரஷ்யாவிலிருந்து வந்த யூதக் குடியேறிகள் மேல் விழுந்தது. நகரமோ எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் குடித்துக்கொண்டிருந்தது. வடிகட்டிக் குடித்த பக்கத்து ஊர் அல்டோனா பெரும்பாலும் தப்பித்தது. வந்தவன்மேல் பழிபோடும் இந்தக் கொடுமை எனக்கு இன்றும் ஆறவில்லை.

1901-இல் ஹாம்பர்க்கின் ஃபெடல் தீவில் குடியேறிகளுக்கென்றே ஹாபாக் கூடங்கள் கட்டியது. குளியலறை, மருத்துவச் சோதனை, யூதர்களுக்குத் தனிச் சமையல், வழிபாட்டிடம் எல்லாம் அங்கே இருந்தன. இதில் கம்பெனியின் லாபமும் உண்டு. நியூயார்க்கில் குடியேறிகளைச் சோதித்த எல்லிஸ் தீவில் மருத்துவர் இமையைப் புரட்டிப் பார்த்துக் கண்ணோய் என்று திருப்பி அனுப்பினால், அமெரிக்கச் சட்டப்படி அந்தச் செலவு கம்பெனியின் தலையில் விழும். ஆனாலும் வாரக்கணக்கில் ரயிலிலும் நடந்தும் வந்த ஒரு தாய்க்கு வெந்நீரும் படுக்கையும் கிடைத்தன. அதைச் சிறிதென்று என்னால் சொல்ல முடியவில்லை.

1913-இல் ஓடத் தொடங்கிய 'இம்பராட்டர்' கப்பலில் பழைய ரோமானிய நகரமான பொம்பேயியின் பாணியில் நீச்சல்குளம் இருந்தது. அதே கப்பலில் பாதிக்கு மேற்பட்ட பயணிகளுக்கான இடம் மூன்றாம் வகுப்பிலும் இடைத்தளத்திலும்தான்.

முதல் உலகப் போர் எல்லாவற்றையும் தின்றது. 1918 நவம்பர் 9 அன்று, ஜெர்மன் பேரரசர் கைசரின் ஆட்சி கவிழ்ந்த நாளில், தூக்க மருந்தை அதிகமாக உட்கொண்டிருந்த பாலின் இறந்தார். போரில் வென்ற நாடுகள் கம்பெனியின் பெரிய கப்பல்களை எடுத்துக்கொண்டன. பின்னாளில் அவர் பெயர் தாங்கி ஓடிய கப்பலையும், அவர் யூதர் என்பதால், 1935-இல் நாஜிகள் 'ஹன்சா' என்று மாற்றினார்கள். 1970-இல் பிரேமன் நகரத்துக் கம்பெனியோடு இணைந்து ஹாபாக்-லாயிட் ஆன அந்த நிறுவனம் இன்று கன்டெய்னர்களைச் சுமக்கிறது.

ஹாம்பர்க்கின் பயணிகள் பட்டியல்கள் 1850 முதல் 1934 வரை பெரும்பாலும் அழியாமல் இருக்கின்றன. பெயர், வயது, தொழில், சொந்த ஊர். ஃபெடல் தீவின் கூடங்கள் இருந்த இடத்தில் இப்போது அருங்காட்சியகம் நிற்கிறது. இடைத்தளத்தில் போனவர்களின் பேரப்பிள்ளைகள் கடல் தாண்டி வந்து அங்கே தங்கள் பாட்டியின் பெயரைத் தேடுகிறார்கள்.