உழவர் சந்தையில் பசுமை முயற்சிகள் நிலைக்கின்றனவா? எங்கிருந்து தொடங்கலாம்?

கேள்வி: உழவர் சந்தைகளில் பசுமை முயற்சிகள் உண்மையிலேயே நடக்கின்றனவா, அல்லது பதாகையோடு முடிந்துவிடுகின்றனவா? எங்கள் ஊர்ச் சந்தையில் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஏதாவது செய்ய விரும்புகிறோம். எதில் தொடங்கலாம்?

பதில்:

கொள்ளிடக் கரையில் எங்கள் குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கர் படுகை நிலம் இருக்கிறது. கத்தரி, புடலை, கொத்தவரை, கொஞ்சம் கீரை என்று பயிர் செய்து, பதினேழு ஆண்டுகளாக வாரத்தில் நான்கு நாள் உழவர் சந்தைக்குச் சரக்கு கொண்டுபோகிறேன். எந்த ஊர்ச் சந்தை என்பதைச் சொல்லாமல் விடுகிறேன். சில குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால், நாளைக் காலை யாரையும் பார்க்கக் கூச்சப்பட வேண்டாம் என்பதே காரணம்.

நீங்கள் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்வதென்றால், நடக்கின்றன. ஆனால் எல்லாம் நிற்பதில்லை. சந்தைக்குள் வேலை செய்யும் யாராவது ஒருவருக்கு அன்றைக்கே காசையோ உடம்பு நோவையோ மிச்சப்படுத்திய முயற்சி நின்றது. அப்படி எவருக்கும் எதையும் மிச்சப்படுத்தாதது, தொடங்கி வைத்தவர் வேறு ஊருக்கு மாறியதும் அவரோடு போய்விட்டது.

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டபோது அதைச் சுற்றுச்சூழல் திட்டம் என்று யாரும் சொல்லவில்லை. இடைத்தரகர் இல்லாமல் விவசாயி நேரே விற்க வேண்டும், வாங்குபவருக்கும் வெளிக்கடையைவிட விலை குறைய வேண்டும் என்பதுதான் நோக்கம். கடைக்கு வாடகை கிடையாது, தராசைச் சந்தை நிர்வாகமே தரும், விலையைக் காலையில் பலகையில் எழுதிவிடுவார்கள். இருந்தாலும் என் கணக்கில் சந்தையின் முதல் பசுமைப் பணி இதுவேதான். தஞ்சை நெல்லுக்குப் பேர்போன மண்ணே தவிர காய்கறிக்கு அல்ல. இங்கே கடைத்தெருவில் விற்கும் காய்கறியில் பெரும்பங்கு ஒட்டன்சத்திரம் போன்ற மொத்தச் சந்தைகளிலிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல் லாரியில் வருகிறது. எங்கள் கத்தரிக்காய் 14 கிலோமீட்டர் பயணம் செய்கிறது. முந்தின நாள் மாலை பறித்ததை மறுநாள் காலையிலேயே விற்றுவிடுகிறோம். அதற்குப் பனிக்கட்டியோ அட்டைப்பெட்டியோ தேவைப்படுவதில்லை.

இனி நிலைத்தவற்றுக்கு வருகிறேன். எங்கள் சந்தையில் கீரைக்கட்டுகளை முன்பெல்லாம் ரப்பர் வளையம் போட்டுத்தான் கட்டுவோம். சந்தைக்குப் பின்புறத் தெருவில் இரண்டு மாடு வைத்திருக்கும் ஓர் அம்மா இருக்கிறார். எங்கள் வரிசையில் எல்லோருக்கும் அவர் அத்தாச்சி. மதியம் சந்தை கலையும் நேரத்தில் வந்து, கழித்துப்போட்ட கீரை, பூக்கோசு இலை, முள்ளங்கித் தழை எல்லாவற்றையும் கோணியில் அள்ளிப் போவார். ஒரு நாள் அவருடைய பசு தீனி எடுக்காமல் வயிறு உப்பிக் கிடந்து, மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, ரப்பர் வளையங்களும் பிளாஸ்டிக் கயிறும் உள்ளே போயிருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை, கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில், அத்தாச்சி வந்து நடு வரிசையில் நின்றுகொண்டு, "பத்து பைசா வளையத்துக்கு என் மாட்டைக் கொல்லப் பாக்குறீங்களா?" என்று போட்ட சத்தத்தில் வாடிக்கையாளர்களும் விற்பவர்களும் வாயடைத்து நின்றோம்.

அடுத்த வாரமே மூன்று பேர் வாழை நாருக்கு மாறினார்கள், இரண்டு மாதத்தில் கீரை வரிசை முழுவதும் மாறிவிட்டது. திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு வட்டாரத்தில் வாழைக்குப் பஞ்சமில்லை. காய்ந்த பட்டையை இரவே தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் விரல் அகலத்துக்குக் கிழித்துக்கொண்டால் போதும். ஊறாத நார் முடிச்சுப் போடும்போது அறுந்துவிடும், ஊறியது இறுகிப் பிடிக்கும். ரப்பர் வளையத்துக்குக் காசு, நாருக்குக் காசில்லை. இதற்காக யாரும் கூட்டம் போடவில்லை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது, 2021 டிசம்பரில் துணிப்பைக்குத் திரும்பச் சொல்லும் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. ஆனால் எங்கள் கீரை வரிசையைத் திருத்தியது அத்தாச்சியின் வாய்தான்.

பை விஷயம் இவ்வளவு சுலபமாக முடியவில்லை. தடைக்குப் பிறகும் மெல்லிய கவர்கள் தராசுக்கு அடியில் ஒளிந்திருந்தன. வாடிக்கையாளர் பை இல்லாமல் வந்து, "ஒரு கவர் குடுங்க தம்பி" என்று கேட்கும்போது இல்லையென்றால், அவர் பக்கத்துக் கடைக்கு நகர்ந்துவிடுவார். அந்த அச்சம் எல்லோருக்கும் இருந்தது. ஒருவர் மட்டும் நிறுத்தினால் அவருக்கே நட்டம் என்பதால், எங்கள் வரிசையில் இருந்த பதினொரு பேரும் பேசிவைத்துக்கொண்டு ஒரே நாளில் நிறுத்தினோம். கவருக்கு நாளொன்றுக்கு முப்பது நாற்பது ரூபாய் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்ததை அன்றுதான் எண்ணிப் பார்த்தோம். இடையில் துணிப்பை போலவே தோன்றும் நெய்யாத பைகள் வந்து எங்களையும் ஏமாற்றின. அவை பாலிபுரொப்பிலீன், அதாவது அவையும் பிளாஸ்டிக்தான். நெருப்பில் காட்டினால் துணி சாம்பலாகும், இது உருகிச் சொட்டும்.

பை இல்லாமல் வருபவருக்கு என்ன செய்வது? நுழைவாயிலுக்கு அருகே உள்ள தூணில் நான்கு ஆணி அடித்து, வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் கல்யாணத் தாம்பூலப் பைகளைக் கொண்டுவந்து மாட்டச் சொன்னோம். எடுத்துப் போகலாம், அடுத்த முறை திருப்பி மாட்ட வேண்டும். திரும்பாத பைகள் உண்டு. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு முகூர்த்த மாதம் வந்துவிட்டால் ஆணியில் இடம் இருக்காது. இதில் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. பையில் மணமக்கள் பெயரும் ஊரும் அச்சடித்திருக்குமே, அதைப் படித்துவிட்டு, "இது எங்க சின்ன மாமனார் வீட்டுக் கல்யாணப் பை ஆச்சே" என்று முன்பின் அறியாத இருவர் பேசத் தொடங்கி, உறவு கண்டுபிடித்து, காய்கறியை மறந்து நின்றதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உரத்தொட்டிக் கதையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களைப் போன்ற நண்பர் குழுக்கள் பெரும்பாலும் முதலில் கைவைப்பது இதில்தான், தோற்பதும் இதில்தான்.

சந்தையின் பின்புறம் மூன்று சிமெண்டுத் தொட்டி கட்டினார்கள். திறப்பு நாளில் மாலை, சால்வை, புகைப்படம் எல்லாம் நடந்தது. மறுநாளிலிருந்து கிடைத்ததையெல்லாம் கொட்டினோம். வாழைத்தாரின் காம்பு முழுசாகவே உள்ளே போனது. அழுகிய தக்காளியும் போனது, மழைத்தண்ணீரும் போனது. மூன்றாவது வாரம் அடியிலிருந்து கறுப்பாக நீர் கசிந்து தெருவரை ஓடியது, ஈ மொய்த்தது, பின்வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். பொறுப்பில் இருந்தவரிடம் கேட்டபோது கிருமிநாசினி தெளிக்கச் சொன்னார். உரமாக்கும் வேலையைச் செய்வதே நுண்ணுயிர்கள்தான் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஒரு மாதத்தில் தொட்டி மேல் தகரம் போட்டு மூடிவிட்டார்கள்.

தவறு எங்கே என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. காய்கறிக் கழிவில் பெரும்பகுதி தண்ணீர், தழைச்சத்தும், அதாவது நைட்ரஜனும், அதிகம். வெறும் அதையே குவித்தால் காற்றுப் புக வழியில்லாமல் அழுகும், மட்காது. கரிமச்சத்து நிறைந்த காய்ந்த பொருள் கலந்து, கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய 30க்கு 1 என்று வந்தால்தான் குவியல் சூடேறி மட்கத் தொடங்கும். டெல்டாவில் காய்ந்த பொருளுக்கு என்ன குறை? குறுவை அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால், வயலில் கிடக்கும் வைக்கோல் கறுத்துப்போய் மாடு முகர்ந்துகூடப் பார்க்காது, விற்கவும் முடியாது. அந்தக் கறுத்த வைக்கோலைத்தான் சரக்கு வண்டியில் மேலே போட்டுக் கொண்டுவந்தேன். ஒரு கூடை கழிவுக்கு ஒரு கூடை வைக்கோலோ சருகோ என்று அடுக்கினோம். வாழைக் காம்பை அரிவாளால் துண்டு போட்டோம். தழை வாங்கிப்போகும் அத்தாச்சி, பதிலுக்கு வாரம் ஒரு குடம் சாணிக்கரைசல் கொண்டுவந்து ஊற்றினார். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் இன்னும் வைக்கோல் வேண்டும், ஒன்றும் வராவிட்டால் தண்ணீர் தெளிக்க வேண்டும். எங்களிடம் இருந்த அளவுகோல் அவ்வளவுதான். ஐந்தாவது நாள் குவியலுக்குள் கையை விட முடியாத அளவு சூடு இருந்தது. பத்து நாளுக்கு ஒருமுறை கிளறிவிட்டு, இரண்டு மாதம் கழித்துத் திறந்தபோது புதுமழை மண்ணின் வாசனை வந்தது.

ஆனால் இது தொடர்ந்து நடந்ததற்கு எனக்குப் பெருமை சேராது. சந்தையைப் பெருக்கும் துப்புரவுப் பணியாளர் அக்கா முன்பு ஈரக் கழிவைத் தள்ளுவண்டியில் நாளுக்கு மூன்று நடை இழுத்துப்போய்க் குப்பை வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. தொட்டி சரியாக நடந்ததும் அது ஒரு நடையாகக் குறைந்தது. அதனால் கழிவோடு யாராவது கவரைச் சேர்த்துப் போட்டால் அவர் விடுவதில்லை. கடைக்கே திரும்பக் கொண்டுவந்து தராசு மேல் வைத்துவிட்டுப் போவார். அவர் மகள் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் விடுப்பில் போனபோது தொட்டி மறுபடியும் நாறியது என்பதையும் சொல்ல வேண்டும்.

விதை மாற்றிக்கொள்வதைப் பசுமை முயற்சி என்று எங்கள் சந்தையில் யாரும் பெயர் சூட்டவில்லை. ஆடிப் பட்டம் நெருங்கும்போது, சுரை, பீர்க்கு, அவரை, நாட்டுக் கத்தரி விதைகள் சாம்பலில் புரட்டப்பட்டு, பழைய செய்தித்தாள் பொட்டலமாக, பெரும்பாலும் பெண்களின் கையிலேயே கைமாறுகின்றன. ஒரு பிடி வாங்கினால் அடுத்த ஆண்டு இரண்டு பிடியாகக் கொடுக்க வேண்டும். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவிலும் 2 கிலோ விதைநெல் வாங்கியவர் மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார் போன்ற பாரம்பரிய நெல் ரகங்கள் இன்று பல ஊர்களில் மறுபடி வயலேறியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், என் கொத்தவரை விதை நான் காசு கொடுத்து வாங்கியதல்ல. 2018இல் அது எனக்குத் திரும்பி வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் கொள்ளிடம் கரைபுரண்டு, முக்கொம்பு மேலணையின் மதகுகளே அடித்துக்கொண்டு போயின. எங்கள் படுகை பல நாள் தண்ணீரில் கிடந்தது. விதைக்கு விட்டிருந்ததும் போயிற்று. முந்தின ஆண்டு என்னிடம் ஒரு பிடி வாங்கியிருந்த மேட்டு நிலத்துக்காரர் இரண்டு பிடியைக் கொண்டுவந்து வைத்தார். நவம்பரில் கஜா புயல் வந்து அவருடைய வாழையைச் சாய்த்தபோது, எங்கள் வரிசையில் அவர் இடத்தை ஆறு வாரம் யாருக்கும் விடாமல் காலியாகவே வைத்திருந்தோம்.

ஒரு குறை இன்னும் தீரவில்லை. வேப்பம்புண்ணாக்கும், ஆண் பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியும் வைத்து, மருந்தைப் பெரும்பாலும் தவிர்த்து விளைவித்த என் கத்தரிக்கும், காய்த் துளைப்பானுக்காக நாலு நாளுக்கு ஒருமுறை மருந்தடித்த கத்தரிக்கும் விலைப் பலகையில் ஒரே விலைதான். வாங்குபவரோ காயைத் திருப்பிப் பார்த்து ஓட்டை இருந்தால் வைத்துவிடுகிறார். மருந்து வேண்டாம், புழுவும் வேண்டாம் என்றால் இரண்டுக்கும் நடுவில் கழித்துப்போடும் காயின் விலையை யாராவது கொடுத்தாக வேண்டும். இன்றைக்கு அதை நான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பலகையில் தனி வரி கேட்டு இருமுறை மனு எழுதினோம். பதில் வரவில்லை.

சூரிய விளக்கு, மரக்கன்று போன்றவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விளக்கு எரிகிறது. நட்ட பன்னிரண்டு கன்றில் தப்பியது இரண்டு, அவையும் தேநீர்க்கடைக்காரர் பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றுவதால்.

ஆகவே உங்கள் ஊரில் தொடங்குவதானால், காலை ஏழு மணிக்குப் போகாதீர்கள். அப்போது எங்களுக்கு உங்கள் முகத்தைப் பார்க்கவும் நேரமிருக்காது. பதினொரு மணிக்கு மேல், கூட்டம் ஓய்ந்து நாங்கள் தேநீர் குடிக்கும் நேரத்தில் வாருங்கள். பெருக்குபவரிடம், எந்தக் கழிவு தூக்கக் கனமாக இருக்கிறது என்று கேளுங்கள். தழை அள்ள யார் வருகிறார்கள் என்று பாருங்கள். உரத்தொட்டிதான் என்று முடிவு செய்தால், சிமெண்டு வாங்குவதற்கு முன் கறுத்த வைக்கோல் யார் வீட்டில் கிடக்கிறது என்று விசாரித்து, ஒரு வண்டி கொண்டுவந்து ஓரமாகக் குவித்து, நனையாமல் மூடி வையுங்கள்.