பிளஸ் டூ கணக்கும் கணினி அறிவியலும்: மாணவர்கள் கேட்டவை

மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு நடத்துகிறேன். 2019-இல் கணினி அறிவியலுக்குப் புதிய புத்தகம் வந்து பைத்தான் என்ற நிரல்மொழி பாடமானபோது, மாணவர்களோடு உட்கார்ந்து நானும் அதைக் கற்றுக்கொண்டேன். இந்த மாதம் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

சார், கணக்குக்கு மூன்று மணி நேரம் பத்தவே இல்லை. அரையாண்டில் இரண்டு ஐந்து மதிப்பெண் கேள்விகளை விட்டுவிட்டேன்.

தம்பி, 90 மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம். ஒரு மதிப்பெண் கேள்விகள் 20-ஐயும் 25 நிமிடத்தில் முடி. ஐந்து மதிப்பெண் கேள்விகள் ஏழு. ஒவ்வொன்றுக்கும் 11 நிமிடம் வைத்தால் 77 நிமிடம். மீதி 78 நிமிடத்தில் இரண்டு, மூன்று மதிப்பெண் கேள்விகள் பதினான்கு. தாராளமாகப் போதும். நேரம் வீணாவது எழுதும்போது இல்லை. எதை எழுதலாம் என்று யோசிப்பதில்தான். ஐந்து மதிப்பெண்ணில் எல்லாமே 'இது அல்லது அது'. பாதி எழுதி அடித்துவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். ஆரம்பத்தில் கேள்வித்தாள் வாசிக்கத் தரும் 10 நிமிடத்திலேயே ஏழுக்கும் முடிவெடுத்துவிடு. 30-ஆவதும் 40-ஆவதும் கட்டாயக் கேள்விகள் என்பதால், அவற்றையும் அப்போதே ஒருமுறை வாசித்துவிடு.

புத்தகத்தில் உள்ள கணக்கு எல்லாம் தெரியும். எண்ணை மாற்றிக் கேட்டால் மாட்டிக்கொள்கிறேன்.

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் விழுவது இங்கேதான். தீர்த்து வைத்த கணக்கை வாசித்தால் எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் போட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

ஒரு பரவளையப் பாலம். அடி அகலம் 24 மீட்டர், நடு உயரம் 9 மீட்டர். நடுவிலிருந்து 8 மீட்டர் தள்ளி உயரம் என்ன? முனையை ஆதியாக எடுத்தால் எக்ஸ் வர்க்கம் = −16 ஒய் என்று வரும். எக்ஸ் = 8 என்று போட்டால் ஒய் = −4. இங்கே பாதிப்பேர் '4 மீட்டர்' என்று எழுதி அடிக்கோடு போட்டுவிடுகிறார்கள். அது உச்சியிலிருந்து கீழே இறங்கிய தூரம். தரையிலிருந்து உயரம் 9 − 4 = 5 மீட்டர். படம் வரைந்திருந்தால் இந்தத் தப்பு வந்திருக்காது.

கலப்பு எண்களிலும் இதே கதை. −√3 + ஐ என்ற எண்ணுக்கு வீச்சு (எக்ஸ் அச்சின் மிகைப் பக்கத்திலிருந்து அளக்கும் கோணம்) கேட்டால் −30 பாகை என்று எழுதுகிறார்கள். புள்ளி இரண்டாம் கால்பகுதியில் இருக்கிறது, அதனால் 150 பாகை. ஆரம்பமே தப்பாகிவிட்டால், மூலங்களைக் காண உதவும் டி மாய்வர் தேற்றத்தை எவ்வளவு சரியாகப் போட்டாலும் மூலங்கள் எல்லாம் தப்பாகவே வரும். குறியைப் பார்த்து, ஒரு சின்னப் படம் வரை. அரை நிமிட வேலை.

எந்தப் பாடத்தை விட்டுவிடலாம்?

எதையும் விடாதே என்றுதான் சொல்வேன். கடைசிப் பாடம் என்று தனிநிலைக் கணிதத்தை ஒதுக்குகிறார்கள். அதில் வரும் மெய் அட்டவணையும் ஈருறுப்புச் செயலியும் இரண்டு நாளில் கைக்கு வந்துவிடும்.

பைத்தானில் 'வெளியீடு என்ன' என்று கேட்டால் எப்போதும் தப்பாகிறது சார்.

மனதுக்குள் ஓட்டிப் பார்க்காதேம்மா. ஒவ்வொரு மாறிக்கும் ஒரு கட்டம் போட்டு, மடக்கு (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) ஒருமுறை சுற்றும்போதெல்லாம் மதிப்பை மாற்றி எழுது. ரேஞ்ச்(2, 11, 3) என்றால் 2, 5, 8. பதினொன்று வராது, முடிவு எண்ணை அது சேர்த்துக்கொள்ளாது. அப்புறம் வரையெல்லை, அதாவது ஒரு மாறி நிரலின் எந்தப் பகுதியில் செல்லும் என்பது. வெளியே எக்ஸ் = 10 இருக்கிறது, செயற்கூறுக்குள் எக்ஸ் = 5 என்று எழுதியிருக்கிறது. செயற்கூறை அழைத்து முடித்தபின் வெளியே எக்ஸை அச்சிட்டால் 10-தான். உள்ளே 'குளோபல்' என்று அறிவித்திருந்தால் மட்டுமே 5. கட்டம் போடும்போது உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் தனித்தனிப் பெட்டி போடு, குழப்பம் வராது.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. செய்முறைத் தேர்வுக்கு என்ன செய்வது?

நிரலைத் தாளில் எழுது. ஒவ்வொரு வரியின் உள்தள்ளலையும் கோடு போட்ட நோட்டில் சரியாகக் காட்டு. முக்காற்புள்ளி விடுபட்டிருக்கிறதா என்று பார். ஆய்வக நேரத்தில் தாளைப் பார்த்துத் தட்டச்சு செய், வரும் பிழைச் செய்தியை அதே தாளின் ஓரத்தில் குறித்துக்கொள். செய்முறையின் 20 மதிப்பெண்ணைக் கம்ப்யூட்டர் இல்லை என்று விட்டுவிடாதே.

என் மகன், கணினி அறிவியல் கட்-ஆஃபில் சேராது, பாஸ் பண்ணினால் போதும் என்கிறான்.

அம்மா, பொறியியல் கலந்தாய்வுக் கணக்கில் அவன் சொல்வது சரி. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200. ஆனால் அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் பருவத்திலேயே பைத்தான் இருந்தது. இப்போது ஒதுக்கினால் ஆறு மாதத்தில் புது ஊர், புது விடுதி, ஆங்கிலப் பாடம் இவற்றுக்கு நடுவே அதையே முதலிலிருந்து படிக்க வேண்டிவரலாம். தினமும் அரை மணி நேரம் கொடுக்கச் சொல்லுங்கள், அது போதும்.

தமிழ் வழியில் படிக்கிறேன். கல்லூரியில் ஆங்கிலச் சொற்கள் புரியுமா?

புரியும். இன்றிலிருந்து நோட்டில் வகைக்கெழு, அணிக்கோவை, செயற்கூறு என்று எழுதும் இடத்திலெல்லாம் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லையும் எழுதிவை. தேர்வுத்தாளில் தமிழிலேயே எழுது.