கோலார் சாலையில் எதிர்க்காற்று – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சைக்கிள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் போன தீபாவளிக்கு ஒரு ரோடு பைக் வாங்கினேன். ஆகவே இந்தப் பாவத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு. எனக்கு நாற்பத்திரண்டு வயது. சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். பெங்களூர் வந்து பதினைந்து வருடம் ஆகிறது, ஐ.டி. வேலை. ஞாயிறுதோறும் குடியிருப்பு நண்பர்களோடு குரூப்பாகப் போகிறேன்.

முதல் சில மாதம் சொர்க்கம். இப்போது வெறுத்துப்போய்விட்டது. ஜூலையில் கோலார் சாலையில் ஹொஸ்கோட்டே தாண்டி நரசாப்பூர் வரை போனோம். போகும்போது பறந்தேன். வேகத்தையும் தூரத்தையும் பதிவு செய்கிற ஸ்ட்ராவா செயலியில் ஆவரேஜ் மணிக்கு முப்பது கிலோமீட்டரைத் தொட்டது. நமக்கும் கால் வந்துவிட்டது என்று நினைத்தேன். திரும்பும்போது பதினைந்தைத் தாண்ட முடியவில்லை. குரூப் விட்டுவிட்டுப் போய்விட்டது. வெயில், அதற்கு மேல் பஞ்சர், பாட்டிலில் தண்ணீரும் காலி. கடைசியில் ஒரு டெம்போவில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தேன். நந்தி மலையிலும் இதே கதைதான், பாதியில் இறங்கித் தள்ளினேன். வீட்டிலோ, "ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பார்க்கவே முடிவதில்லை, பார்த்தால் தூங்குகிறீர்கள்" என்று சண்டை.

இன்னொன்றும் உறுத்துகிறது. என் அப்பா ஹெர்குலிஸ் சைக்கிளில் நெல் மூட்டை வைத்துத் தள்ளிக்கொண்டு போனவர். அவரைப் போன்ற ஆட்கள் இருக்கிற ஊர்களின் வழியாக எண்பதாயிரம் ரூபாய் சைக்கிளில், உடம்போடு ஒட்டிய உடையில் போகும்போது கூச்சமாக இருக்கிறது. இது காசுள்ளவர்களின் விளையாட்டுதானா? விற்றுவிடலாமா? இல்லை, கார்பன் சக்கரம் போட்டால் சரியாகுமா?

எஸ்.,
ராமமூர்த்தி நகர், பெங்களூரு

அன்புள்ள எஸ்.,

விற்க வேண்டாம். கார்பன் சக்கரமும் வேண்டாம். அந்தக் காசில் நல்ல பம்ப் ஒன்று, இரண்டு டியூப், பின்பக்கத்துக்குப் பளிச்சென்று ஒரு சிவப்பு விளக்கு வாங்குங்கள். மீதி நிறையவே இருக்கும், வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

முதலில் அந்த நரசாப்பூர் விவகாரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெங்களூரில் காற்று மேற்கிலிருந்துதான் அடிக்கும். தென்மேற்குப் பருவமழையைக் கொண்டுவருகிற அதே காற்று. நீங்கள் போனது கிழக்கே. போதாததற்குப் பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர், கோலார் 820 சொச்சம். மேடும் பள்ளமுமாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மொத்தத்தில் அந்தச் சாலை கிழக்கே இறங்குகிறது. முதுகில் காற்று, கீழே இறக்கம், முன்னால் போகிறவர்களின் மறைவு, இந்த மூன்றும் சேர்ந்து கொடுத்த முப்பதை உங்கள் கால் கொடுத்தது என்று எடுத்துக்கொண்டீர்கள். பின்காற்று இருப்பது நமக்குத் தெரிவதே இல்லை. காதில் இரைச்சல் இருக்காது, "இன்றைக்கு நல்ல ஃபார்மில் இருக்கிறோம்" என்று மட்டும் தோன்றும். திரும்பியதும் மூன்றும் சேர்ந்து கணக்குத் தீர்த்துவிட்டன.

சமதரையில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைப் பிளக்கத்தான் செலவாகிறது. வேகம் இரட்டித்தால் காற்றுக்காகக் கொடுக்க வேண்டிய சக்தி எட்டு மடங்காகும். அதனால்தான் இன்னொருவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சம். குரூப் உங்களை விட்டுவிட்டுப் போனபோது நீங்கள் இழந்தது பேச்சுத் துணையை மட்டும் என்று நினைக்காதீர்கள். எதிர்க்காற்றில் ஒருவரை உதிர்த்துவிட்டுப் போகிற குரூப்போடு இனிமேல் போக வேண்டாம் என்பது என் கட்சி. அவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் கூட வந்தவனுக்குப் பஞ்சர் என்று தெரியாத அளவுக்கு முன்னால் போகிறவர்களோடு எதற்குச் சேர்ந்து போக வேண்டும்?

உங்கள் வீடு கிழக்குக் கோடியில் இருப்பது ஒரு சிக்கல்தான். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் நீங்கள் எந்த ஊருக்குக் கிளம்பினாலும் போவது சுகம், வருவது கஷ்டம். அந்த மாதங்களில் தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். உடம்பில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்பிவிடுங்கள். பாதி தீரட்டும் என்று காத்திருந்தால் டெம்போதான். இல்லாவிட்டால் சைக்கிளைக் காரில் போட்டு மாகடி சாலைக்கு எடுத்துப்போய், அங்கிருந்து மேற்கே ராமோஹள்ளி ஆலமரத்தையும் மஞ்சனபெலே அணையையும் பார்த்துவிட்டு வாருங்கள். தெம்பு இருக்கும்போது எதிர்க்காற்று, களைத்தபிறகு பின்காற்று. நவம்பருக்கு மேல் காற்று திரும்பிக் கிழக்கு, வடகிழக்கிலிருந்து வரும். அப்போது கோலார் சாலை உங்களுக்குச் சொந்தம். ஒன்று மட்டும் கவனம், ஞாயிறு விடியற்காலையில் ஹொஸ்கோட்டேயில் தம் பிரியாணிக்கு வந்த கார்கள் ஓரத்தில் வரிசையாக நிற்கும். எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது.

அடுத்து ஆவரேஜ். உங்கள் கடிதத்தில் கிலோமீட்டர் கணக்கு இருக்கிற அளவுக்கு ஊர்க் கணக்கு இல்லை. இந்த எண் மேடு பள்ளமான ஊரில் எப்படி ஏமாற்றும் என்று பாருங்கள். பத்து கிலோமீட்டர் ஏற்றத்தைப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் ஒரு மணி நேரம். அதே தூரத்தை நாற்பதில் இறங்கினால் பதினைந்து நிமிடம். சராசரி இருபத்தைந்து வரும் என்று மனசு சொல்லும். வருவது பதினாறு. ஏற்றத்தில்தான் நேரம் முழுக்கப் போகிறது, இறக்கத்தில் எவ்வளவு துணிந்து பாய்ந்தாலும் அதை மீட்க முடியாது. நாற்பதை ஐம்பதாக்கினால் மூன்று நிமிடம் மிச்சம். அந்த மூன்று நிமிடத்துக்காகத்தான் நந்தி மலை வளைவுகளில் பல பேர் காறை எலும்பை உடைத்துக்கொள்கிறார்கள்.

நந்தியில் தள்ளிக்கொண்டு ஏறியதற்கு வெட்கப்பட்டிருக்கிறீர்கள். அதில் என்ன இருக்கிறது? அடிவாரத்திலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர், இடைவிடாத வளைவுகள், உச்சி 1478 மீட்டர். முடியாவிட்டால் இறங்கித் தள்ளலாம், ஓரமாக உட்காரலாம். ஏற்றம் நம்மைக் களைப்பாக்கும், வேறு கெடுதல் செய்யாது. எனக்குக் கவலையெல்லாம் நீங்கள் எப்படி இறங்கினீர்கள் என்பதுதான். அதைப் பற்றி ஒரு வரி இல்லை. விடிகாலைப் பனியில் தார் ஈரமாக இருக்கும், வளைவின் உள்பக்கம் மணல் சேர்ந்திருக்கும், சூரிய உதயம் பார்க்க வருகிற கார்களும் பைக்குகளும் நம் பக்கத்தை அடைத்துக்கொண்டு எதிரே வரும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் போனபிறகு பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கும். இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள். சக்கரத்தின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கிற ரிம் பிரேக் என்றால் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வரக் கூடாது, சூட்டில் டியூப் வெடித்துவிடும்.

மேலே போய்ச் சேர்ந்தால் செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பாலாறும் தென்பெண்ணையும் இந்த மலையைச் சுற்றிய குன்றுப் பகுதியில்தான் பிறக்கின்றன. உங்கள் திருவண்ணாமலைப் பக்கத்துச் சாத்தனூர் அணையில் தேங்குவது தென்பெண்ணைத் தண்ணீர்தான். அது கிளம்புகிற இடத்தைச் சைக்கிளில் போய்ப் பார்க்கிறீர்கள். எந்த ஆவரேஜில் போனால் என்ன?

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. உடம்பில் சேர்த்துவைத்த சர்க்கரை ஒன்றரை, இரண்டு மணி நேரக் கடும் மிதிப்புக்குத்தான் வரும். அது தீர்ந்தால் கால் மட்டும் நிற்காது, மனசும் விட்டுப்போகும், "எதற்கு இந்த வேலை நமக்கு" என்ற கேள்வியும் சரியாக அப்போதுதான் வரும். உங்கள் வெறுப்பில் பாதி அதுதானோ என்று எனக்குச் சந்தேகம். பசிக்கும் முன்பே, முக்கால் மணிக்கு ஒரு வாழைப்பழமோ இரண்டு கடலை மிட்டாயோ போதும்.

கூச்சம் பற்றிய கேள்விதான் உங்கள் கடிதத்தில் நிஜமான கேள்வி.

போன ஜனவரியில் ஹெசரகட்டா தாண்டி ஒரு கிராமச் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். சாலையின் முழு அகலத்துக்கும் கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள். களம் இல்லாமல் போன ஊர்களில் இப்போது தார்ச்சாலைதான் களம். டிராக்டரும் பஸ்ஸும் ஏறி ஏறி மணியை உதிர்த்துக்கொடுக்கும். காய்ந்த கொடி ஒன்று பின்சக்கரத்தோடு சுழன்று, கியர் மாற்றுகிற டீரெயிலரின் இரண்டு சின்னப் பற்சக்கரங்களுக்கு நடுவில் புகுந்துகொண்டது. செயின் அசையவில்லை. பலமாக மிதித்திருந்தால் ஹேங்கர் முறிந்திருக்கும். (டீரெயிலரை ஃபிரேமில் மாட்டுகிற, ஃபிரேமைக் காப்பாற்றுவதற்காகவே எளிதில் வளைகிற மாதிரி செய்த சின்ன அலுமினியத் துண்டு அது. பையில் ஒன்று உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.) குத்துக்காலிட்டு விரலால் பிய்த்துக்கொண்டிருந்தேன். செடியைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த அம்மா வந்து, ஒன்றும் பேசாமல், அரிவாள் முனையால் ஒவ்வொரு நாராக நெம்பி எடுத்தார். பின்சக்கரத்துப் பற்சக்கர அடுக்கான கேசட்டின் பற்களுக்கு இடையிலிருந்து நாலைந்து கொள்ளு மணி விழுந்தது. அதையும் பொறுக்கிக் குவியலில் போட்டார். "உன் வண்டி ஏறி ஒரு மணிகூட உதிராது, ஓரமாகத் தூக்கிக்கொண்டு போ" என்று கன்னடத்தில் சொன்னார்.

பக்கத்தில் நின்ற பெரியவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார், எவ்வளவு? இந்தக் கேள்விக்கு நம் ஆட்கள் கூசிப்போய்ப் பத்தாயிரம் என்று பொய் சொல்வார்கள். நான் உண்மையைச் சொன்னேன். "அந்தத் துட்டுக்கு ஒரு சீமைப் பசு வாங்கலாமே" என்றார். அதில் கேலி இல்லை, விலை நிலவரம்தான் இருந்தது. பசு இரண்டு வேளையும் பால் கொடுக்கும், சொசைட்டியில் ஊற்றலாம். "இது என்ன கொடுக்கும்?" என்றார். பசி கொடுக்கும் என்றேன். சிரித்துவிட்டு டீக்கடையைக் கை காட்டினார்.

ஆமாம், இது காசும் ஞாயிற்றுக்கிழமையும் உள்ளவர்களின் விளையாட்டுதான். உங்கள் அப்பாவுக்குச் சைக்கிள் வேலை, உங்களுக்குப் பொழுதுபோக்கு. இந்த வித்தியாசத்தை எந்த உடை போட்டும் மறைக்க முடியாது, ஜெர்சிக்கு மேல் சட்டை மாட்டிக்கொள்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த ஊர்க்காரர்கள் மூட்டையை டிவிஎஸ் எக்செல்லுக்கு மாற்றி வெகுகாலம் ஆகிவிட்டது. சைக்கிளை நினைத்து உருகுவது நாம்தான். கூச்சம் இருந்துவிட்டுப் போகட்டும். அது இருக்கிறவன் ஊருக்குள் வேகத்தைக் குறைப்பான், வழியில் தெம்புக்குச் சாப்பிடுகிற ஜெல்லின் உறையை வயலில் வீசமாட்டான், நாலு பேர் அகலத்துக்குப் பேசிக்கொண்டே போய்ப் பால் கேன் வண்டியை மறிக்கமாட்டான், கொண்டுவந்த தின்பண்டத்தோடு நிறுத்தாமல் அந்த ஊர்க் கடையிலும் டீயும் பன்னும் வாங்குவான். கூச்சமே இல்லாத குரூப்புகளைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

வீட்டுச் சண்டையில் நான் அவர்கள் பக்கம். ஒன்பது மணிக்குள் வீட்டில் இருங்கள். வந்ததும் படுக்காதீர்கள்.

கடைசியாக ஒரு சிபாரிசு. வருகிற டிசம்பரில் ஒருநாள் சைக்கிளைக் காரில் போட்டு ஆனேக்கல் வரை போய், அங்கிருந்து தனியாகவோ, பொறுமையுள்ள ஒரு நண்பரோடோ தளி வரை மிதித்துப் பாருங்கள். எல்லை தாண்டியதும் பலகைகள் தமிழுக்கு மாறும், டீக்கடைப் பேச்சில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் வரும். ஸ்ட்ராவாவை அன்றைக்கு அணைத்துவிடுங்கள். ஆனால் நன்றாக விடிந்தபிறகே கிளம்புங்கள், தளி தாண்டி ஜவளகிரிக் காட்டுப் பக்கம் தனியாகப் போகாதீர்கள். ராகி முற்றுகிற காலத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைகள் அந்த வழியாகத்தான் இறங்கும். நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நின்றால் பெரும்பாலும் போய்விடும். யானையிடம் அது நடக்காது. டீக்கடையில் விசாரித்துவிட்டு, வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள்.