நடுவில் காணாமல் போகும் கிடார்

வணக்கம் சார்,

சினிமாப் பாட்டைத் தாண்டி ஏதாவது கேட்கலாமே என்று, நீங்கள் முன்பு ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன கைடட் பை வாய்ஸஸ் குழுவின் 'பீ தவுசண்ட்' ஆல்பத்தைப் போட்டேன். ஒரே இரைச்சல். முதல் பாட்டிலேயே நடுவில் கிடார் சட்டென்று நின்றுபோய் மறுபடி வருகிறது. ஹெட்ஃபோன் ஒயர் போய்விட்டதோ என்று ஆட்டிப் பார்த்தேன். இதையா நல்ல இண்டி ஆல்பம் என்கிறார்கள்? இந்த வாரம் கேட்க உருப்படியாகப் பத்து ஆல்பம் சொல்லுங்கள்.

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்,

ஒயர் நன்றாகத்தான் இருக்கும். அந்த இடத்தில் கிடார் நிஜமாகவே விழுந்துவிடுகிறது. பதிவில் நேர்ந்த கோளாறு, அப்படியே விட்டுவிட்டார்கள். 1994இல் வந்த ஆல்பம் அது. பாடும் ராபர்ட் பொல்லார்ட், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டேட்டன் ஊர்க்காரர், நான்காம் வகுப்பு வாத்தியாராக இருந்தவர். நண்பர்களோடு வீட்டுக்கு அடியிலிருக்கும் அறையிலும் கார் ஷெட்டிலும் உட்கார்ந்து, பெரும்பாலும் நான்கு டிராக் ரெக்கார்டரில் பதிந்த பாட்டுகள். இருப்பது நான்கே தடம். ஐந்தாவதாக ஒரு சத்தம் வேண்டுமென்றால் ஏற்கெனவே பதிந்த இரண்டை ஒன்றாகச் சேர்த்துத்தான் இடம் பிடிக்க வேண்டும். அப்படிச் சேர்க்கும் ஒவ்வொரு தடவையும் இரைச்சல் ஏறும்.

நான் கடையில் சீட்டெழுதிக் கொடுத்து, 60 நிமிஷக் கேசட்டில் பாட்டுப் பதிந்து வாங்கி வளர்ந்தவன். 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வந்தாலே, இதோ பாட்டு வரப்போகிறது என்று காது நிமிர்ந்துவிடும். உங்களுக்கு அது பழுதாகப் படுவது நியாயம்தான். முதல் ஆல்பமாக அதை உங்கள் கையில் கொடுத்தது என் தப்பு.

இண்டி என்ற சொல்லிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. 'இண்டிபெண்டன்ட்' என்பதன் சுருக்கம் அது. நம் ஊரில் சினிமாவில் வராத பாட்டெல்லாம் இண்டி. மேல்நாட்டில் அது ஆரம்பத்தில் பாட்டை யார் வெளியிட்டார்கள் என்பதைப் பற்றிய பேச்சு. 1977இல் மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு, தெரிந்தவர்களிடம் சுமார் 500 பவுண்டு கடன் வாங்கி, தங்கள் இசைத்தட்டைத் தாங்களே ஆயிரம் பிரதி போட்டது. பெரிய கம்பெனியின் வாசலில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை என்று பலருக்குத் தைரியம் வந்தது அப்போதுதான்.

பத்து ஆல்பம் வேண்டாம். வாரத்துக்குப் பத்து கேட்டால் ஒன்றும் காதில் தங்காது. யங் மார்பிள் ஜயண்ட்ஸின் 'கொலாசல் யூத்' போதும். வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரத்து மூன்று பேர். 1980இல் லண்டனின் ரஃப் டிரேட் என்ற சிறிய இசைத்தட்டுக் கம்பெனி வெளியிட்டது. டிரம்ஸ் வாசிக்க ஆள் கிடையாது. தாள இயந்திரத்தின் சத்தத்தைக் கேசட்டில் பதிந்து வைத்துக்கொண்டு, மேடையிலும் அதையே ஓடவிட்டு வாசித்தார்கள். ஸ்டூவர்ட் மாக்ஸம் கிடார்த் தந்தியை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு மீட்டுவார். நாதம் நீளாது, 'டிக் டிக்' என்று விழும். ராகத்தை இழுத்துப் போவது பெரும்பாலும் அவர் தம்பி ஃபிலிப்பின் பேஸ் கிடார். மேலே அலிசன் ஸ்டாட்டன் பாடுவது, பஸ்ஸுக்காக நிற்கும் பெண் தனக்குள் முனகிக்கொள்வதுபோல இருக்கும். ஒரு சங்கதி இல்லை, குழைவு இல்லை. முதல் தடவை மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் கேட்டேன், அத்தனை இடைவெளி அந்த இசையில். ஒரே ஆல்பம், அதோடு பிரிந்துவிட்டார்கள். காது கிழியக் கத்திப் பாடிய நிர்வானா குழுவின் கர்ட் கோபேனுக்கு மிகவும் பிடித்த ஆல்பங்களில் இதுவும் ஒன்று.

சரி, கூட ஒன்று வேண்டுமென்றால் பான் ஈவேரின் 'ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ'. பான் ஈவேர் என்ற பெயரில் பாடும் ஜஸ்டின் வெர்னன், அமெரிக்காவின் விஸ்கான்சினில் அப்பாவின் மரக்குடிலில் 2006-07 குளிர்காலத்தில் தனியாக இருந்து உருவாக்கியது. தன் ஒரே குரலை அடுக்கடுக்காகப் பதிந்து ஒரு கூட்டமே பாடுவதுபோல ஆக்கியிருப்பார். மரக்குடில் கதையைச் சொல்லிச் சொல்லியே பாட்டைத் தேய்த்துவிட்டார்கள். கதையை மறந்துவிட்டுக் கேளுங்கள். ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு.

இரண்டையும் நாலைந்து தடவை கேட்டபின், ஞாயிற்றுக்கிழமை 'பீ தவுசண்ட்'டுக்குத் திரும்பிப் போங்கள். 20 பாட்டும் சேர்த்து 40 நிமிஷம்கூட ஆகாது. கிடார் விழும் இடம் வரும்போது ஒயரை ஆட்டாதீர்கள்.