மெஷின்காரருக்கு எதற்கு மாலை?

கேள்வி: பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் விருது கொடுப்பது நியாயம். மைக், மெஷின் செய்தவர்களுக்கெல்லாம் கிராமியில் விருது கொடுக்கிறார்களே, இது கொஞ்சம் அதிகமில்லையா?
– வாசகர், காரைக்குடி

பதில்: வேறு ஊரிலிருந்து வந்திருந்தால் இந்தக் கேள்வியைப் பேசாமல் ஒதுக்கியிருப்பேன். காரைக்குடியிலிருந்தா?

ஏ.வி. மெய்யப்பன் உங்கள் ஊர்க்காரர். படம் எடுக்கும் முன் சரஸ்வதி ஸ்டோர்ஸில் கிராமபோன் தட்டு வியாபாரம் பார்த்தவர். 1938-இல் ‘நந்தகுமார்’ படத்தில் திரையில் ஒருவர் வாயசைக்க, லலிதா வெங்கட்ராமன் பாடினார். தமிழ் சினிமாவில் பின்னணிப் பாட்டு அப்படித்தான் வந்தது. பாட்டைத் தனியாகப் பிடித்துப் படத்தோடு ஒட்டலாம் என்பது எந்த ராகத்தில் வரும்? அது மெஷின்காரர் யோசனை. அதே செட்டியார்தான் பிறகு தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ போட்டு ‘நாம் இருவர்’ எடுத்தார்.

இன்னும் பின்னால் போவோம். 1925 வாக்கில் மைக் வரும்வரை, பாடகர் ஒரு குழாய்க்குள் வாயை வைத்துக் கத்த வேண்டும். மென்மையாகப் பாடினால் தட்டில் ஒன்றும் விழாது. தட்டோ ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், கொசுறாகச் சில விநாடிகள். ஒரு மணி நேரம் ராகம் பாடும் வித்வானும் அதற்குள் முடித்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டியதுதான். எந்தக் குரல் நம் காதுக்கு வரலாம், எவ்வளவு நேரம் வரலாம் என்பதையெல்லாம் கருவிதான் தீர்மானித்தது.

கிராமியின் தொழில்நுட்ப விருது 2013-இல் டேவ் ஸ்மித்துக்கும் இகுடாரோ ககேஹாஷிக்கும் கிடைத்தது, ‘மிடி’க்காக. 1983-இல் வந்தது அது. ஒரு கம்பெனி கீபோர்டு இன்னொரு கம்பெனி கருவியோடு பேசும் பொது பாஷை; அதற்குக் காப்புரிமைக் காசும் வாங்கவில்லை. அடுத்த முறை உங்கள் பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் கச்சேரி நடந்தால் கீபோர்டின் முதுகைப் பாருங்கள். கொஞ்சம் பழைய கீபோர்டாக இருந்தால் ஐந்து துளை வட்ட சாக்கெட் ஒன்று இருக்கும். அதுதான்.

என் வருத்தம் வேறு. 2010-இல் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ இசைத்தொகுப்புக்குக் கிராமி வந்தபோது, ரஹ்மானோடு ஒலிப்பொறியாளர்கள் எச். ஸ்ரீதர், பி.ஏ. தீபக் பெயர்களும் விருதில் இருந்தன. ஸ்ரீதர் காலமாகி அப்போது ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. இங்கே தலைப்புச் செய்தியில் ரஹ்மான் மட்டும். நம் பத்திரிகையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.