தமிழில் பெயர் வைத்தால் மென்பொருள் திறக்காதா?

கேள்வி: மகளின் காலேஜ் படிப்புக்காகப் புது லேப்டாப் வாங்கினோம். முதல் தடவை ஆன் செய்தபோது பெயர் கேட்டது, ஆசையாகத் தமிழிலேயே அடித்துவிட்டாள். இப்போது சர்க்யூட் வரையும் பழைய மென்பொருள் ஒன்று இன்ஸ்டால் ஆகிறது, ஐகானைக் கிளிக் செய்தால் கொஞ்சம் சுற்றுகிறது, அப்புறம் ஒன்றுமே வருவதில்லை. ஃபார்மேட் அடிக்க வேண்டும் என்கிறார் சர்வீஸ் கடைக்காரர். செய்யலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம். ஃபார்மேட் அடித்துவிட்டு மறுபடி அதே பெயரைக் கொடுத்தால் மறுபடி இதேதான் நடக்கும், காசுதான் தண்டம்.

லோக்கல் அக்கவுண்ட், அதாவது அந்தக் கணினிக்கு மட்டுமான அக்கவுண்ட், உருவாக்கும்போது என்ன பெயர் கொடுக்கிறோமோ அதே பெயரில் சி டிரைவின் 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் ஒரு ஃபோல்டரைப் போட்டுவிடுகிறது விண்டோஸ். டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், மென்பொருள்கள் தற்காலிகமாக எழுதி அழிக்கும் 'டெம்ப்' எல்லாம் அதற்குள்தான். விண்டோஸுக்குத் தமிழ்ப் பெயரால் ஒரு சிரமமும் கிடையாது, ஃபைல் பெயர்களை அது எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யுனிகோட் முறையில்தான் வைத்திருக்கிறது. பழைய மென்பொருளோ யுனிகோடுக்கு முந்தைய வழக்கப்படி, 'கோட் பேஜ்' எனப்படும் எழுத்துப் பட்டியல் வழியாகப் பெயரைக் கேட்கிறது. ரஷ்யனுக்கு 1251, ஜப்பானியத்துக்கு 932 என்று விண்டோஸில் பட்டியல்கள் உண்டு. தமிழுக்கு அப்படி ஒன்று இருந்ததே இல்லை; விண்டோஸ் 2000-ல் தமிழ் நுழைந்தபோதே நேரடியாக யுனிகோடாகத்தான் நுழைந்தது. பட்டியலில் இல்லாத ஒவ்வொரு குறிக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறி போய்ச் சேரும். 'தமிழ்' என்று பெயர் வைத்திருந்தால் மென்பொருள் கையில் கிடைப்பது ????? மட்டும்தான். ஏன் ஐந்து என்றால், இகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. இதில் கொடுமை, ஃபைல் பெயரில் வரவே கூடாது என்று விண்டோஸ் தடை போட்டிருக்கும் குறிகளில் கேள்விக்குறியும் ஒன்று. ஆக, உலகத்திலேயே இருக்க முடியாத ஒரு ஃபோல்டரைத் தேடிப் போகிறது உங்கள் மென்பொருள். ஒழுங்காக எழுதப்பட்டதாக இருந்தால் பிழைச் செய்தியாவது காட்டும், பல மென்பொருள்கள் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும்.

முதலில் செலவில்லாத வழி. ஸ்டார்ட் மெனுவில் 'என்விரான்மெண்ட் வேரியபிள்ஸ்' என்று ஆங்கிலத்தில் தேடி, அங்கே தற்காலிக ஃபோல்டரைக் குறிக்கும் டெம்ப், டிஎம்பி என்ற இரண்டு வரிகளையும் சி டிரைவில் நேரடியாக நீங்களே உருவாக்கிய ஆங்கிலப் பெயர் ஃபோல்டர் ஒன்றுக்கு மாற்றிவிட்டு மென்பொருளைத் திறந்து பாருங்கள். சிலதுக்கு இதுவே போதும். பழைய மென்பொருளுக்கும் யுனிகோடையே கொடுக்கும் 'பீட்டா: யுடிஎஃப்-8' என்ற டிக் ஒன்று ரீஜியன் அமைப்புகளில் 2018 முதல் இருக்கிறது, அதைப் போட்டாலும் சில மென்பொருள்கள் ஓடும், ஆனால் அது எல்லாப் பழைய மென்பொருளுக்கும் சேர்த்து மாறுவதால், இதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வேறொன்று படுத்துக்கொள்ளலாம்.

கண்ட்ரோல் பேனலில் அக்கவுண்ட் பெயரை மாற்றினால் ஆகாதா என்றால், ஆகாது. லாகின் திரையில் தெரியும் பெயர் மட்டும் மாறும், ஃபோல்டர் பழைய பெயரிலேயே கிடக்கும். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் கைவைக்கச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள், தவறினால் அக்கவுண்டுக்குள் போவதே பாடாகிவிடும், நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். சுத்தமான வழி, ஆங்கில எழுத்தில் இடைவெளி இல்லாமல் புது அக்கவுண்ட் ஒன்று தொடங்கி ஃபைல்களை அங்கே மாற்றிக்கொள்வது. அப்புறம் கண்ட்ரோல் பேனலுக்குப் போய் அந்த அக்கவுண்டின் பெயரைத் தாராளமாகத் தமிழில் மாற்றலாம், ஃபோல்டர்தான் மாறாதே. மகளைத் திட்டாதீர்கள், தப்பு மென்பொருள் எழுதியவர்கள் மேல்.

கேள்வி: அவசர ஆர்டர் ஃபோல்டர்கள் பட்டியலில் மேலே வரட்டும் என்று பெயருக்கு முன்னால் ஆச்சரியக்குறி போடுவது என் வழக்கம். அப்படி ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்த ஜாவா மென்பொருள் மட்டும் திறக்க மறுக்கிறது. எல்லாமே ஆங்கிலப் பெயர்தான்.
– ஸ்டுடியோ உரிமையாளர், நாகர்கோவில்

பதில்: உங்கள் ஆச்சரியக்குறியேதான் காரணமாக இருக்கும். ஜாவா மென்பொருள் பெரும்பாலும் 'ஜார்' என்ற பொட்டலமாக வரும். அந்தப் பொட்டலத்துக்குள் இருக்கும் ஒரு ஃபைலுக்கு முகவரி எழுதும்போது, பொட்டலத்தின் பெயர் இங்கே முடிகிறது என்று காட்ட ஆச்சரியக்குறியும் சாய்கோடும் சேர்ந்து வரும். பல நிரல்கள் முதலில் கண்ணில் படும் ஆச்சரியக்குறியிலேயே முகவரியை வெட்டிவிடுகின்றன, மிச்சம் எங்கே போகிறது என்று அவற்றுக்கே தெரியாது. மென்பொருளை வேறு ஃபோல்டருக்கு மாற்றுங்கள், ஆர்டர்களுக்கு முன்னால் 00 போடுங்கள், அதுவும் மேலேதான் வரும்.

& போட்டாலும் வம்புதான், கமாண்ட் விண்டோவில் அதற்கு 'அடுத்த கட்டளை' என்று பொருள். 'ஆர்&டி' என்ற ஃபோல்டரிலிருந்து, கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த பேட்ச் ஃபைலை ஓட்டினால் 'டி' என்றொரு கட்டளை இல்லையே என்று புலம்பலாம். % குறியை பேட்ச் ஃபைல் வேரியபிள் என்று நினைக்கும், # வந்தால் வெப் பக்கங்களை வைத்துக் கட்டிய மென்பொருள்கள் முகவரி அங்கேயே முடிந்தது என்று நினைக்கும். இவை எல்லாமே விண்டோஸ் அனுமதிக்கும் குறிகள்தான், அதனால்தான் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை.

கேள்வி: பழைய மேக்கில் இருந்த 'கோவை' ஃபோல்டரை லினக்ஸ் சர்வரில் ஏற்றினேன். பட்டியலில் தெரிகிறது, என் நிரல் திறக்கப் போனால் அப்படி ஒன்று இல்லை என்கிறது!
– மாணவர், சென்னை

பதில்: 'கோ'வில் வரும் ஓகாரக் குறியை யுனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். பழைய மேக்குகளில் ஃபைல்களைச் சேமிக்கும் எச்எஃப்எஸ் பிளஸ் முறை, பெயர்களில் வரும் இத்தகைய குறிகளைப் பிரித்துத்தான் சேமிக்கும். உங்கள் நிரலில் இருப்பது அநேகமாக ஒற்றைக் குறி. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, ஆனால் லினக்ஸ் பைட் பைட்டாக ஒப்பிடும், அதற்கு இவை வேறு வேறு பெயர்கள். 'கான்வ்எம்வி' என்ற சிறு கருவி இதைச் சரிசெய்யும். சும்மா ஓட்டினால் எதை மாற்றப்போகிறது என்று மட்டும் காட்டும், பார்த்துத் திருப்தி ஆன பிறகு நிஜமாக மாற்றச் சொல்லுங்கள். நீளமான தமிழ்ப் பெயர்கள் இருந்தால் அதையும் கவனியுங்கள், லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட்தான், ஒரு தமிழ்க் குறி மூன்று பைட் எடுக்கும், 85 குறிக்கு மேல் போனால் ஏறாது.