தென்னையில் படரும் பாசி மடிவீக்கத்துக்கு மருந்தாகுமா?

கேள்வி: தம்பிலுவிலில் எங்கள் வளவுத் தென்னைகளில் வெள்ளையும் சாம்பலுமாகப் படை பிடித்திருக்கிறது. மரத்துக்கு இது நோயா? இதில் கிருமி கொல்லும் சத்து இருக்கிறதாம். சுரண்டி அவித்து, மடிவீக்கம் வந்த பசுவுக்குப் பூசலாமா?

பதில்: வணக்கம் அக்கா. மரத்துக்கு நோயில்லை. பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் இலைக்கன் என்று வருவது இதுதான். பங்கசு என்ற பூஞ்சணமும் அல்கா என்ற பாசியும் சேர்ந்து வாழும் உயிர். ஒரு படையில் தண்ணீர் தெளித்து நகத்தால் மெல்லக் கீறுங்கள், உள்ளே பச்சை தெரியும். அந்தப் பச்சை வெயிலில் தனக்கான உணவைத் தானே செய்துகொள்கிறது. தென்னையின் சாறு அதற்கு வேண்டாம். அப்படியே விடுங்கள்.

கிருமி கொல்லும் என்பதும் பொய்யில்லை. சில இலைக்கன்களில் உஸ்னிக் அமிலம் என்ற மஞ்சள் பொருள் உண்டு. 1844இலேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். மடிவீக்கம் தரும் ஸ்டெபிலோகொக்கசு பற்றீரியாவை அது ஆய்வுகூடத்தில் அடக்குகிறது. ஈ.கோலை என்ற இன்னொரு பற்றீரியாவிடம் அவ்வளவாகப் பலிக்காது. அதுவும் மடிவீக்கம் தரக்கூடியதுதான்.

சரி, அவித்துப் பூசினால் என்ன? உஸ்னிக் அமிலம் தண்ணீரில் கரைவதே அரிது. அசிற்றோன் போன்ற இரசாயனத் திரவங்களில் ஊறவைத்துத்தான் எடுக்கிறார்கள். அதுவும் தாடிபோலத் தொங்கும் உஸ்னியா வகையில்தான் நிறைய இருக்கிறது, உங்கள் தென்னையில் ஒட்டியிருப்பது வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, கிருமி இருப்பது மடிக்குள்ளே. தோலில் பூசுவது அங்கே போய்ச் சேராது. இன்னொன்று: உஸ்னிக் அமிலம் கலந்த, உடல் மெலிய விழுங்கும் மாத்திரையால் பலருக்கு ஈரல் பழுதாகி, 2001இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது. மாட்டுக் காம்பில் பூசினால் அதைக் கன்றுதான் நக்கும்.

கறக்குமுன் முதல் பாலைக் கறுப்புத் துணியில் பீச்சிப் பாருங்கள். திரிந்த கட்டியோ இரத்தமோ கண்டால் அன்றைக்கே கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள். நல்ல மாடுகளை முதலில் கறந்து, இதைக் கடைசியாகக் கறவுங்கள். அப்புறம் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கெட்ட பாலைத் தொழுவத் தரையில் பீச்சவே கூடாது. வைத்தியர் தரும் மருந்தைச் சொன்ன நாள் முழுவதும் கொடுங்கள். வீக்கம் வற்றியதும் நிறுத்தினால் திரும்ப வரும். அவர் சரி சொல்லும்வரை அந்தப் பாலை விற்கவோ வீட்டில் குடிக்கவோ வேண்டாம், கன்றுக்கும் விடவேண்டாம்.